டி.வி.யில் செத்துப்போன மாப்பிள்ளை வீட்டார் சார்பில்

முருகன் துணை

ஆரணி,
17.6.2001

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி, சேத்துப்பட்டு நெல் மண்டி இராஜமாணிக்கம் அவர்களுக்கு, மாப்பிள்ளைப் பையன் சரவணனின் தாய்மாமன் ஜெயவேல் பணிவோடு எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், என் அக்கா உண்ணாமலையும், அக்கா வீட்டுக்காரர் பச்சையப்பன் மாமாவும் உயிரோடு இருக்கிறோம். கடிதத்தில் இதைத் தனியாக எழுதும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை என்றாலும் எங்கள் விஷயத்தில் எழுதியாக வேண்டியிருக்கிறது. அவ்விடம் தாங்களும், தேவகி அம்மாளும், குழந்தை அகல்யாவும், தங்கள் கோபமும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல்.

தங்கள் கடிதம் கிடைத்தது. கடையில் வாடிக்கைக்காரர்கள் இருந்ததால் உள்ளே போய் நின்றுகொண்டே படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன், பிறகு தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தேன். மூன்று கேள்விகள் கேட்டிருந்தீர்கள். பையன் அனாதை என்று அவனே டி.வி.யில் சொல்கிறானே, அப்படியானால் நிச்சயதார்த்தத்துக்கு அப்பா அம்மா என்று வந்து எங்கள் வீட்டில் ஜாங்கிரி சாப்பிட்டவர்கள் யார் என்பது முதல் கேள்வி. பெண்டாட்டி முழுகாமல் இருந்தால்தானே நம் பக்கத்தில் ஆண்பிள்ளை சவரம் செய்யாமல் இருப்பான், இவன் தாடி வளர்க்கிறானே, எந்த ஊரில் எவள் உண்டாகியிருக்கிறாள் என்பது இரண்டாவது. சேத்துப்பட்டுப் பெண் ஒருத்தி தன்னை ஏமாற்றிவிட்டதாக நாடே கேட்கும்படி சொன்னானே, இனி என் மகள் எப்படிக் கடைத்தெருவில் தலைநிமிர்ந்து நடப்பாள் என்பது மூன்றாவது. ஆகையால் ஆவணியில் வைத்திருக்கிற கல்யாணம் நடக்காது என்று முடித்திருந்தீர்கள். மூன்றும் நியாயமான கேள்விகள். தங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். ஆள் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். ஆனாலும் ஒரு பதிலைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் தப்பு செய்தவன் பையன் இல்லை. தப்பு செய்தது அவனுடைய இமேஜ்.

இமேஜ் என்றால் என்ன என்று கேட்பீர்கள். எனக்கும் போன ஐப்பசி வரை தெரியாது. சரவணன் எப்படிப்பட்ட பிள்ளை என்று தாங்கள் விசாரித்துத்தான் பெண் கொடுக்கச் சம்மதித்தீர்கள். பகலில் என் கடையில் சேலை மடிப்பான், முகூர்த்த நாட்களில் மெல்லிசைக் குழுவோடு போய்ப் பாடுவான், வேளாவேளைக்குச் சாப்பிடுவான், நடுவில் வடை வந்தால் அதையும் சாப்பிடுவான். வேலூரில் ஒரு கல்யாண வரவேற்பில் இவன் பாடிக்கொண்டிருந்தபோது, பந்தியில் உட்கார்ந்திருந்த சென்னை கேசட் கம்பெனி முதலாளி ஒருவர் ரசத்தில் வைத்த கையோடு நிமிர்ந்து பார்த்திருக்கிறார். குரல் நன்றாக இருக்கிறது, ஆல்பம் போடலாம் என்றார். ஆல்பம் என்றால் சினிமாவே இல்லாமல் சினிமாப் பாட்டு போடுவது. நாங்கள் குடும்பத்தோடு சந்தோஷப்பட்டோம். குரல் நன்றாக இருந்தால் பாடவைத்து, அதைக் கேசட்டில் பிடித்து, கடையில் விற்பார்கள் என்று நினைத்துக்கொண்டோம். எங்கள் அறியாமையைத் தாங்கள் மன்னிக்க வேண்டும். குரல் என்பது அந்தத் தொழிலில் கடைசியாகப் பார்க்கிற விஷயம் என்று பிறகுதான் தெரிந்தது.

முதலில் பெயரை மாற்றினார்கள். சரவணன் என்று பெயர் இருந்தால் பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி இருக்கிறதாம். பக்கத்து வீட்டிலும் ஒரு சரவணன் இருப்பதால் நாங்கள் ஒன்றும் பேச முடியவில்லை. 'சோலோ' என்று பெயர் வைத்தார்கள். தனி ஆள் என்று அர்த்தமாம். கல்யாணப் பத்திரிகையில் இரண்டு பக்கம் சொந்தக்காரர் பெயரைப் போட்டுவிட்டு, விட்டுப்போனவர்களைச் சமாதானப்படுத்தவே ஒரு வாரம் அலைகிற குடும்பத்தில் பிறந்தவனுக்குத் தனி ஆள் என்று பெயர். போகட்டும் என்றிருந்தோம். அடுத்து ஆகாஷ் என்று ஒரு தம்பியை அனுப்பினார்கள். நல்ல பிள்ளை, தோளில் பை, தலையில் கறுப்புக் கண்ணாடி. கண்ணாடியை ஏன் கண்ணில் போடவில்லை என்று பச்சையப்பன் மாமா கடைசிவரை கவலைப்பட்டார். சரவணனுடைய இமேஜைக் கட்டுவதுதான் அந்தத் தம்பிக்கு உத்தியோகம். அக்கா வீட்டில் தறிக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்காரவைத்து, இட்லி வைத்தோம். சாப்பிட்டுவிட்டு மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"சார், இவருக்கு ஏதாவது துக்கம் இருக்குதா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "துக்கம்னா?" என்றாள் அக்கா.

"மனசுல ஒரு வலி அம்மா. சின்ன வயசுல நடந்த கொடுமை, ஏதாவது. ஆர்ட்டிஸ்ட்டுக்கு ஒரு துக்கம் இருந்தாத்தான் ஜனங்க கிட்ட வருவாங்க."

வீடு தேடி வந்தவர் கேட்டு இல்லை என்று சொல்வதா என்று எங்களுக்கு ஒரே சங்கடம். காபி கேட்டால் கொடுக்கலாம், வெந்நீர் கேட்டால் கொடுக்கலாம். துக்கம் கேட்கிறார், வீட்டில் இருப்பில் இல்லை. "பத்தாவதுல கணக்குல பெயிலானான்பா, ரெண்டு நாளு அழுதுகினு இருந்தான்" என்றாள் அக்கா. ஆகாஷ் பணிவாக அது போதாது என்றார். "எனக்கு சுகர் இருக்குது தம்பி" என்று பச்சையப்பன் மாமா தன் பங்குக்குக் கொடுத்தார். அதுவும் போதாது. என்னைக் கேட்டார். என் துக்கமெல்லாம் வியாபாரத் துக்கம், அதைப் பாட்டாகப் பாடினால் யாரும் அழ மாட்டார்கள், சிரிப்பார்கள். கடைசியில் அந்தத் தம்பி சுவரில் சாய்ந்து யோசித்துவிட்டு, "சார், தப்பா எடுத்துக்காதீங்க, இவருக்கு யாருமே இல்லன்னு வச்சுக்கலாமா? ரயில்வே பிளாட்பாரத்துல வளர்ந்தாரு. சின்ன வயசுல அப்பா அம்மா போயிட்டாங்க" என்றார். போயிட்டாங்க என்றால் எங்கே என்று மாமா கேட்டார். மேலே கை காட்டினார்.

நான் ஒரு நியாயம் எடுத்துச் சொன்னேன். "தம்பி, ஆரணிக்குள்ள ரயிலே கிடையாது. எங்க ஊரு பேரு எழுதின ஸ்டேஷனுக்கே நாங்க பஸ் புடிச்சுத்தான் போறோம்."

"அது இன்னும் சோகம் சார்" என்றார். "ரயிலே வராத ஊர்ல, பிளாட்பாரத்துல காத்துகிட்டிருந்த குழந்தை." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் லேசாக.

சம்பந்தி, இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அப்போதே எழுந்து நின்று, அதெல்லாம் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான். ஆனால் பட்டுச்சேலை விற்கிறவனுக்கு அந்தத் தம்பியின் வேலையைப் பார்க்கப் பார்க்கச் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. நாங்கள் மட்டும் என்ன செய்கிறோம்? ஒரே தறியில் ஒரே கை நெய்த சேலைதான், எந்தப் பக்கம் மேலே தெரியும்படி மடித்து வைக்கிறோமோ அந்தப் பக்கம்தான் சேலை. ஜரிகை அழுத்தமாக இருந்தால் முந்தானையை மேலே வைப்போம், உடல் மட்டும் நன்றாக இருந்தால் முந்தானையை உள்ளே தள்ளுவோம். "இந்த டிசைன் ஒண்ணே ஒண்ணுதான் போட்டோம்மா, உங்களுக்குன்னே இருந்துகினு இருக்குது" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்த தெருவில் அதன் தங்கச்சி தறியில் பாதி இறங்கியிருப்பாள். ஆகாஷும் எங்கள் பிள்ளையை மடிக்கத்தான் வந்திருக்கிறார், அப்பா அம்மாவை உள்பக்கம் தள்ளி மடிக்கிறார், அவ்வளவுதானே என்று எனக்குப் பட்டது. நிச்சயதார்த்தம் ஆன விஷயத்தையும் அவரிடம் மறைக்கவில்லை. சொன்னேன். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "சார், இதை நான் கேக்கவே இல்ல" என்றார்.

முதல் கேள்விக்குப் பதில் இதுதான். ஜாங்கிரி சாப்பிட்டவர்கள் பெற்ற தாய் தகப்பன்தான். டி.வி.யில் செத்தவர்கள் சோலோவின் தாய் தகப்பன். பாட்டு சேனலில் அந்தப் பேட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் எல்லோரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்து பார்த்தோம். "எனக்கு யாருமே இல்ல. அப்பா அம்மா முகம்கூட ஞாபகம் இல்ல" என்று சரவணன் திரையில் சொன்னான். திரைக்கு வெளியே அதே சரவணன் அம்மாவிடம் இன்னொரு இட்லி கேட்டான். மாமா வாயில் வைத்ததை மென்று விழுங்கினார். பிறகு, "நல்லாத்தான் பேசறான். போனவன் போயிட்டேன், கடன் ஏதாவது வச்சிட்டுப் போனேனான்னு சொன்னானா?" என்று கேட்டார். அக்கா மட்டும் வேறு யோசனையில் இருந்தாள்.

"டேய் சரவணா, நாங்க ரெண்டு பேருமா பூட்டோம்?"

"ஆமாம்மா."

"யாரு மொதல்ல பூட்டது? நானா, உங்கப்பாவா?"

"அதெல்லாம் சொல்லலம்மா."

"அதெப்புடிரா சொல்லாம இருப்பாங்க?" என்று அக்கா எழுந்தே விட்டாள். "அவரு மொதல்ல போனாருன்னா நான் தாலிய அறுத்துட்டுல்ல நின்னிருப்பேன்? ஊரே பார்க்கற டி.வி.ல என்னை அப்புடி நிக்க வச்சுட்டு வந்திருக்கிறியே. ஜெயவேலு, போன போட்டு அந்தக் கண்ணாடிக்காரத் தம்பிகிட்ட சொல்லுடா, நான் பூவோட பொட்டோட மொதல்ல பூட்டேன்னு."

போன் போட்டேன். ஆகாஷுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், அருமையான பாயிண்ட் சார் என்றார். அடுத்த வாரப் பத்திரிகையில், 'மஞ்சள் குங்குமத்தோடு அம்மா முதலில் கண்மூட, அந்தத் துக்கம் தாளாமல் அப்பாவும்' என்று வந்துவிட்டது. அக்கா அந்தப் பக்கத்தைக் கத்தரித்துத் தெருப் பெண்களிடம் காட்டி, புண்ணியம் செய்திருக்க வேண்டும் என்று வாழ்த்து வாங்கிக்கொண்டாள். துக்கம் தாளாமல் போனதாக எழுதிவிட்டார்களே, நான் அப்படியா தெரிகிறேன் என்று மாமாவுக்கு மட்டும் ஒரு வருத்தம். அதே பக்கத்தில் சோலோவின் விருப்பங்கள் என்று போட்டிருந்தார்கள். பிடித்த உணவு: பசி. பிடித்த நிறம்: இருட்டு. பிடித்த துணை: மழை. நெய் போதவில்லை என்று பொங்கலைத் திருப்பி அனுப்புகிறவனுக்குப் பிடித்த உணவு பசியாம். பவர் கட் ஆனால் வாசலுக்கு ஓடிவருகிறவனுக்குப் பிடித்த நிறம் இருட்டாம்.

இரண்டாவது, தாடி. சத்தியமாக எந்த ஊரிலும் எவளும் உண்டாகவில்லை. ஆகாஷ் இரண்டு படம் எடுத்துக்கொண்டு சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரி வாசலில் நின்றிருக்கிறார். மழித்த முகத்தோடு சரவணன் சிரிக்கிற படத்தைக் காட்டினால், "அண்ணா மாதிரி இருக்காங்க" என்றார்களாம். அந்த வார்த்தையை ஒரு பெண் சொல்லிவிட்டால் கேசட் கம்பெனிக்காரன் கடையை மூடிக்கொண்டு போக வேண்டியதுதானாம். இன்னொரு படத்தில் தாடியோடு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறான். உண்மையில் அவன் பார்த்தது பஜ்ஜிக் கடையை. அதைக் காட்டினால், "யாரு இவரு?" என்று கேட்டார்களாம். யார் இவர் என்று கேட்டால் பாதி வியாபாரம் முடிந்தது என்கிறார், சேலையிலும் அதேதான், விலை கேட்கிறவளைவிட இது என்ன கலர் என்று கேட்கிறவள்தான் வாங்குவாள். ஆகவே தாடி. இங்கே எங்கள் தெருவிலும் தாங்கள் கேட்ட கேள்வியைத்தான் கேட்டார்கள். பால்காரர் அக்காவிடம் ரகசியமாக, "எத்தினி மாசம்மா?" என்று விசாரித்திருக்கிறார். அக்கா கேசட் வெளியீட்டை நினைத்துக்கொண்டு, "இந்த மாசமே வந்துரும்" என்று பதில் சொல்லியிருக்கிறாள். அங்கிருந்துதான் அந்தச் செய்தி சந்தவாசல் ஊரைச் சுற்றிக்கொண்டு தங்களுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அந்த வெளியீட்டு விழாவையும் சொல்லிவிடுகிறேன், பையன் எப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளை என்று அதிலிருந்தே தங்களுக்கு விளங்கும். விழாவுக்கு முதல் நாள் கம்பெனியிலிருந்து அவனுக்கு ஒரு ஜீன்ஸ் பேண்ட் கொடுத்தனுப்பினார்கள். முழங்காலில் கிழிசல், தொடையில் கிழிசல், பின்பக்கம் ஒரு கிழிசல். பிளாட்பாரத்துப் பிள்ளைக்கு ஏற்ற மாதிரி ஒரு நிபுணர் உட்கார்ந்து யோசித்துக் கிழித்ததாம். பையன் அதை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனான். சம்பந்தி, நெசவுக்காரர் வீட்டில் அறுந்த இழையைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியாது. அது ஒரு வியாதி. பட்டுப் பாவில் இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரியாமல் பிணைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்துப் பழகியவள் அக்கா. அவளும் எதிர்வீட்டுப் பெண்ணும் பேண்டை மடியில் போட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே, இழை இழையாகப் பிணைத்து, குறுக்கே நீலநூல் ஓட்டி, பூராக் கிழிசலையும் மூடிவிட்டார்கள். எங்கே கிழிந்திருந்தது என்று கிழித்த நிபுணரே வந்தாலும் சொல்ல முடியாது. இஸ்திரியும் போட்டு வைத்தார்கள். சென்னையில் மேடைக்குப் பின்னால் ஆகாஷ் அந்தப் பேண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், கிழிசல் எங்க சார்?" என்று கேட்டபோது அவர் முகத்தில் தெரிந்தது உண்மையான துக்கம். கத்தரி தேடுவதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அனாதை சோலோ, மடிப்புக் கலையாத பேண்டோடு மேடை ஏறினான்.

நாங்கள் முன்வரிசையில் யாரோ மாதிரி உட்கார்ந்திருந்தோம். யாரும் சொந்தம் என்று காட்டிக்கொள்ளக் கூடாது என்று உத்தரவு. அக்கா மாப்பிள்ளைக்கு அம்மா மாதிரி அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பிளாட்பாரப் பாட்டு ஆரம்பித்ததும் பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் விசும்பி விசும்பி அழுதுகொண்டு, "பாவம்ல ஆன்ட்டி, அவருக்கு யாருமே இல்ல" என்று அக்காவின் தோளில் சாய்ந்துவிட்டது. அக்கா எங்கே போட்டு உடைத்துவிடுவாளோ என்று நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "ஆமாம் கண்ணு, யாரு பெத்த புள்ளையோ" என்று சொல்லித் தானும் அழ ஆரம்பித்தாள். நடிப்பில்லை சம்பந்தி, பொலபொலவென்று நிஜக் கண்ணீர். பஸ்ஸில் வரும்போது, "அந்தப் புள்ளைக்கு ஒரு வாய் சோறு போடணும்டா ஜெயவேலு" என்றாள். அந்தப் புள்ள பின் சீட்டில் உட்கார்ந்து அவள் கட்டிக்கொடுத்த புளிசோற்றைத்தான் தின்றுகொண்டிருந்தான் என்று நான் சொல்லவில்லை. பெற்றவளையே நம்பவைத்துவிட்டார்களே என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டு வந்தேன். சிரித்ததற்கான தண்டனையைத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

மூன்றாவது கேள்விக்குத்தான் பதில் சொல்வது கஷ்டம். கேசட் வெளியீட்டுக்குப் பிறகு பாட்டு சேனலில் வந்த அந்த நேரடி ஒளிபரப்பில், காதலில் ஏமாந்தவன் என்று மட்டும் சொல்ல வேண்டும், ஊரும் பேரும் சொல்லக் கூடாது, கேட்டால் மேலே பார்த்துப் பெருமூச்சு விட வேண்டும் என்று ஆகாஷ் மூன்று நாள் பழக்கியிருந்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. நிகழ்ச்சி நடத்துகிற பெண் திடீரென்று, "ஊரையாவது சொல்லுங்க சோலோ, எந்த ஊர்ப் பொண்ணு?" என்று கேட்டுவிட்டது. நம் பையனுக்குப் பொய் சொல்லக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். அவகாசம் இல்லாவிட்டால் வாயில் உண்மைதான் வரும். பெண் என்று கேட்டதும் அவனுக்குத் தெரிந்தது ஒரே பெண், ஒரே ஊர். "சேத்துப்பட்டு" என்று சொல்லிவிட்டான். சொன்னதும் அவன் முகம் போன போக்கைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். ஏமாந்தவன் முகமா அது? மாட்டிக்கொண்டவன் முகம். சென்னையிலும் ஒரு சேத்துப்பட்டு இருக்கிறதே, அதைத்தான் சொன்னான் என்று தங்களிடம் சாதிக்கலாமா என்று ஒரு பகல் முழுக்க யோசித்தேன். சம்பந்தியிடம் அவ்வளவு மட்டமான பொய் சொல்லக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

இப்போது நடப்பதைக் கேளுங்கள். தங்கள் கடிதத்தை அவனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம் என்றான். மறுநாளும் வேண்டாம் என்றான். வடை வாங்கி எதிரே வைத்தேன், அதைப் பார்க்கவே இல்லை. விளக்கைக்கூடப் போடாமல் தறி ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான். வெளியே தூறல் போட்டால் போய் நனைகிறான். பேச்சுக் கொடுத்தால், "அவங்க அப்பா சொல்றதுலயும் தப்பில்ல மாமா. ஊருல அவ பேரக் கெடுத்துட்டேன்" என்கிறான். பத்திரிகையில் அச்சடித்த ஒவ்வொரு வரியும் பலித்துவிட்டது. பசி, இருட்டு, மழை. சம்பந்தி, கம்பெனிக்காரன் எட்டு மாதம் பாடுபட்டுக் கட்டிய பொய்யைத் தாங்கள் ஒரே கடிதத்தில் உண்மையாக்கிவிட்டீர்கள். நேற்று அவன் தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். இத்தனை நாள் அவன் பாடியது நன்றாக இருந்தது. நேற்றுப் பாடியதைக் கேட்டு மாமா எழுந்து வெளியே போய்விட்டார். அந்தப் பாட்டைக் கேசட்டில் போட்டால் நன்றாக விற்கும், சந்தேகமே இல்லை. எங்களுக்கு வேண்டாம். எங்களுக்கு இட்லி கேட்கிற பிள்ளைதான் வேண்டும்.

ஆகவே குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி முடிவெடுத்துவிட்டோம். ஒன்று, சோலோ என்று இனி ஒருவன் கிடையாது. இரண்டு, நாளைக் காலை தாடி எடுக்கப்படும், நானே கூட்டிப்போகிறேன். மூன்று, அந்தக் கம்பெனிக்கும் எங்களுக்கும் இந்த நிமிடம் முதல் எந்தப் பேச்சும் இல்லை. ஆகாஷ் வாசலுக்கு வந்தால் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவோம். நான்கு, வருகிற வெள்ளிக்கிழமை பையனையும், உயிரோடு இருக்கிற அவன் தாய் தகப்பனையும் அழைத்துக்கொண்டு நான் சேத்துப்பட்டு வருகிறேன். தங்கள் மண்டி வாசலில், தெருவே பார்க்க, அகல்யா யாரையும் ஏமாற்றவில்லை என்று பையன் தன் வாயால் சொல்வான். அதற்குப் பிறகும் தங்கள் மனம் ஆறவில்லை என்றால் என்னை அடியுங்கள். என்னை அடிக்கிறவர்கள் வரிசையில் அக்கா ஏற்கெனவே நிற்கிறாள், தங்களுக்காக முன்னால் இடம் விடச் சொல்கிறேன். ஆனால் கல்யாணத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இதுவரை எழுதியதில் விளையாட்டு நிறைய இருக்கிறது, இந்த வரியில் இல்லை. அந்தப் பிள்ளைக்கு அகல்யா இல்லாவிட்டால் நிஜமாகவே யாரும் இல்லாதவன் மாதிரி ஆகிவிடுவான்.

தேவகி அம்மாளுக்கு என் நமஸ்காரம். குழந்தை அகல்யாவுக்கு ஆசி, பதினாறும் பெற்று எங்கள் வீட்டிலேயே வளர்க்கட்டும். தங்கள் மண்டியில் நெல் மலைபோலக் குவியவும், கோபம் தணிந்து பதில் வரவும் வேண்டிக்கொண்டு,

தங்கள் சம்பந்தியாகவே இருக்க விரும்பும்,
கோ. ஜெயவேல்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது ஆகாஷ் வந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னதைக் கேட்ட பிறகு மேலே கண்ட நான்கு முடிவுகளில் முதல் மூன்றையும் அடித்துவிட்டுப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். விஷயம் இதுதான். நேரடி ஒளிபரப்பு முடிந்த மறுநாளே கம்பெனிக்கு சேத்துப்பட்டிலிருந்து ஒரு போன் வந்ததாம். "நான்தான் அந்தப் பொண்ணு. நான் யாரையும் ஏமாத்தல. நிச்சயம் பண்ணின மாப்பிள்ளையத்தான் கட்டிக்கப் போறேன், எங்கப்பா வேணாங்கறாரு. இத டி.வி.ல சொல்றீங்களா, இல்ல நானே மெட்ராஸுக்கு வந்து சொல்லவா?" என்று கேட்டதாம் குழந்தை அகல்யா. தங்கள் மண்டிக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்துதான் பேசியிருக்கிறாள், தாங்கள் அப்போது மண்டியில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தீர்களாம். கம்பெனி ஆடிப்போய்விட்டது. அனாதைக்குக் கல்யாணம், பிரிந்த காதலி, தடுக்கிற தகப்பன், இதைவிட என்ன வேண்டும்? இரண்டாவது கேசட்டே கல்யாணக் கேசட்தானாம். நாம் குறித்த அதே ஆவணி முகூர்த்தம், ஆரணியில் மண்டபம், பாட்டு சேனல் முழுக்கப் படம் பிடிக்கிறது. தாடி மட்டும் முகூர்த்தம் வரை இருக்க வேண்டுமாம். பையனிடம் சொன்னேன். இரண்டு தட்டு சாப்பிட்டான்.

மணமேடையில் சோலோவை எடுத்து வளர்த்த தாய் தகப்பனாக உட்கார ஆட்கள் வேண்டும் என்று ஆகாஷ் கேட்டார். அக்காவையும் மாமாவையும் நிற்கவைத்து, நடக்கவைத்து, ஒரு வரி பேசச் சொல்லிப் பார்த்தார். பெற்றவர்கள் மாதிரி தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். வளர்ப்புத் தகப்பன் வேடம் எனக்குக் கிடைத்திருக்கிறது. "உன் படத்துல நீ யார வோணா வச்சுக்கோ. தாலிய எடுத்துக் குடுக்கறது நானு" என்று அக்கா சொன்னதும் ஆகாஷ் அதற்கும் ஒப்புக்கொண்டார். தங்களுக்கும் ஒரு வேடம் உண்டு, பெரிய வேடம். தங்கள் கடிதத்தை ஆகாஷிடம் படித்துக் காட்டினேன். ஒரு வார்த்தை மாற்ற வேண்டாம், அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு வரச் சொல்லுங்கள் என்றார். முகூர்த்தத்துக்கு முன்னால் மண்டப வாசலில் வந்து நின்று, இந்தக் கல்யாணம் நடக்காது என்று தாங்கள் ஒரே ஒரு முறை சொன்னால் போதும். ஆகையால் தயவுசெய்து அதுவரை கோபத்தைத் தணித்துக்கொள்ள வேண்டாம். மனம் மாறுவதைப் பிறகு நிதானமாகச் செய்யலாம், அந்த நேரத்தில் கேமரா பந்தியில் இருக்கும்.